மேலதிக எரிபொருள் தாங்கி: தூரம் போகவா, கரை திரும்பவா?

நமது கரையோரக் கிராமங்களில் எந்த இறங்குதுறையில் நின்று பார்த்தாலும், தொழிலுக்குப் புறப்படும் சிறு படகுகளில் இயந்திரத்தோடு வந்த எரிபொருள் தாங்கிக்குப் பக்கத்தில் இன்னொரு தாங்கியோ, ஒன்றிரண்டு பிளாஸ்ரிக் கான்களோ இருப்பதைக் காணலாம். சில படகுகளில் அது ஒழுங்காகக் கட்டப்பட்டிருக்கும். வேறு சிலவற்றில் வலைக் குவியலுக்கு நடுவே செருகப்பட்டு, ஒரு பழைய துணியால் மூடப்பட்டிருக்கும். இதைப் பற்றி எழுதவும் என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். கடற்றொழிற் குடும்பங்களின் மத்தியில் பணிபுரிபவர்களுக்கு இது சிறிய விடயமாகத் தோன்றாது. ஒரு குடும்பத் தலைவன் மாலையில் கரை திரும்புவதும், அவனுடைய பங்குப் பணத்தில் வீட்டுக்கு ஏதாவது வந்து சேர்வதும் அந்த இரண்டாவது தாங்கியை என்ன நோக்கத்துக்காக, எந்த முறையில் வைத்திருக்கிறான் என்பதில் பெரிதும் தங்கியிருக்கின்றன.

சிறு படகுக்கு மேலதிகத் தாங்கி அவசியம் என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. ஆனால் அது கரை திரும்புவதற்கான சேமிப்பாக இருக்க வேண்டும். இன்னும் தூரம் போவதற்கான அனுமதிச் சீட்டாக அதைக் கருதுவோமாயின், அந்தத் தாங்கி இல்லாத படகிலும் பார்க்க அது இருக்கும் படகே ஆபத்தானதாகிவிடும். கணக்கோடும், தொழில்நுட்ப விளக்கத்தோடும் இதனை எடுத்துக்காட்ட விரும்புகிறேன்.

தேவை எப்படி வந்தது?

துடுப்பும் பாயும் இருந்த காலத்தில் ஒருவன் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை அவனுடைய தோள்வலிமையும் காற்றும் தீர்மானித்தன. 1950களில் அரசாங்கம் கடற்றொழிலை இயந்திரமயமாக்கத் தொடங்கியபோது இந்த நிலை மாறியது. வள்ளங்களில் வெளியிணைப்பு இயந்திரங்கள் பூட்டப்பட்டன. 1960களின் பிற்பகுதியில் நோர்வே நாட்டு மக்களின் உதவியோடு காரைநகரில் ஆரம்பமான சீநோர் திட்டம், வடக்கில் கண்ணாடி இழைப் படகுகள் பரவுவதற்குப் பெரிதும் உதவியது. பின்னர் போர்க்காலம் வந்தது. கடலில் இறங்கும் நேரத்துக்கும், போகும் தூரத்துக்கும், இயந்திரத்தின் குதிரைவலுவுக்கும் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. 1990க்குப் பின் வடக்கில் எரிபொருளே அரிய பண்டமாயிற்று. ஒரு போத்தல் பெற்றோலைப் பொன் போலப் பாதுகாத்து, இயந்திரத்தைத் தொடக்குவதற்கு மட்டும் சில துளிகளைப் பயன்படுத்திய அந்த நாட்கள் மூத்தவர்களுக்கு மறந்திராது.

2004 டிசம்பர் 26ஆம் திகதிய ஆழிப்பேரலைக்குப் பின்னர் பல நிறுவனங்கள் புதிய படகுகளையும் இயந்திரங்களையும் வழங்கின. 2009இல் போர் முடிந்தபின் கடற்கட்டுப்பாடுகள் படிப்படியாகத் தளர்ந்தன. ஆனால் கடல் திறந்தபோது கரையோர மீன்வளம் முன்போல இருக்கவில்லை. பாக்குநீரிணையில் இந்திய இழுவைப் படகுகள் செய்த அழிவு ஒரு பக்கம். நமது கரையிலேயே நடந்த இழுவைத் தொழில் மறுபக்கம். அடியில் இழுக்கும் தொழிலை 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் இலங்கையில் தடைசெய்தது. என்றாலும், சிதைந்த கடற்படுகை சட்டம் வந்த அன்றே தளிர்த்துவிடுவதில்லை. அருகில் மீன் குறைந்தால் தூரம் போகத்தானே வேண்டும்? இப்படித்தான் கான்கள் படகில் ஏறின. ஆகவே கானை ஏற்றுகின்றவனைப் பேராசைக்காரன் என்று சொல்லிவிட்டுப் போவது நியாயமல்ல. அவனைத் தூரத்துக்குத் தள்ளிய காரணங்கள் அவனுடைய கையில் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

15 குதிரைவலு மண்ணெண்ணெய் இயந்திரம் பூட்டிய ஒரு படகை எடுத்துக்கொள்வோம். இவ்வகை இயந்திரங்களோடு வரும் தாங்கி பொதுவாக 24 லீற்றர் கொள்ளும். முழு வேகத்தில் ஓடும்போது மணிக்கு 8 லீற்றர் செலவாகிறது என்றும், படகு மணிக்கு 20 கிலோமீற்றர் போகிறது என்றும் கணக்கின் இலகுவுக்காக வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு தாங்கி மூன்று மணித்தியாலத்துக்குப் போதும். பாதியைப் போகவும் பாதியைத் திரும்பவும் என்று பிரித்தால் 30 கிலோமீற்றர் வரை போகலாம் என்று கணக்குச் சொல்லும்.

ஆனால் கடலில் போகும் வழியும் வரும் வழியும் ஒன்றல்ல. காலையில் கடல் அமைதியாகக் கிடக்கும். திரும்பும் நேரத்தில் சோளகமோ வாடையோ எதிர்த்து வீசும். எதிர்க்காற்றில் படகின் வேகம் 15 கிலோமீற்றராகக் குறைந்தால், 30 கிலோமீற்றரைக் கடக்க இரண்டு மணித்தியாலம் வேண்டும். தாங்கியில் இருப்பதோ ஒன்றரை மணித்தியாலத்துக்கான எரிபொருள். ஆகவே கரைக்கு ஏழரைக் கிலோமீற்றர் முன்னால் இயந்திரம் நின்றுவிடும். இது ஆபத்துத்தான். என்றாலும் அந்த இடத்தில் கரை கண்ணுக்குத் தெரியும். வேறு படகுகள் நடமாடும். கைத்தொலைபேசியும் சில வேளைகளில் வேலை செய்யும்.

இப்போது அதே படகில் இன்னொரு 24 லீற்றர்த் தாங்கியை வைத்து, அதே பாதிக்குப் பாதிக் கணக்கோடு போவோம். போகும் தூரம் 60 கிலோமீற்றர். எதிர்க்காற்றில் திரும்ப நான்கு மணித்தியாலம் வேண்டும். எரிபொருள் மூன்று மணித்தியாலத்துக்கே இருக்கிறது. இந்த முறை 15 கிலோமீற்றருக்கு முன்னால் இயந்திரம் நிற்கிறது. தாங்கியை இரட்டித்தபோது பாதுகாப்பு இரட்டிக்கவில்லை. குறைந்த தூரமே இரட்டித்தது. வலை போடவும் இழுக்கவும் இயந்திரம் ஓடிய நேரத்தை நாம் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

பழைய கடலோடிகள் கணக்குப் புத்தகம் இல்லாமலே ஓர் எல்லையை வைத்திருந்தார்கள். கரையில் நிற்கும் பனை மறையும் தூரம் என்பதே அது. 20 மீற்றர் உயரமான பனையைப் படகில் நிற்கும் ஒருவன் ஏறத்தாழ 20 கிலோமீற்றர் வரையில்தான் காண முடியும். அதற்கப்பால் பூமியின் வளைவு அதை மறைத்துவிடும். மன்னார், முல்லைத்தீவு போன்ற தாழ்ந்த கரைகளில் மலையோ குன்றோ அடையாளத்துக்கு இல்லை. பனை மறைந்தபின் எரிபொருள் தீர்ந்தால், துடுப்பு இருந்தும் எந்தத் திசைக்கு வலிப்பது என்று தெரியாது. முல்லைத்தீவுக்குக் கிழக்கே அதன்பின் திறந்த பெருங்கடல். பாக்குநீரிணையிலோ வேறொரு ஆபத்து உண்டு. 1974ஆம், 1976ஆம் ஆண்டு உடன்படிக்கைகளால் வரையப்பட்ட கடல் எல்லை அங்கே மிக அருகில் இருக்கிறது. எண்ணெய் தீர்ந்து நீரோட்டத்தில் எல்லை தாண்டிப் போன படகு, தான் வேண்டுமென்று வரவில்லை என்று யாருக்கு எடுத்துச் சொல்ல முடியும்?

உலகெங்கும் சிறு படகோட்டிகள் பின்பற்றும் எளிய விதி ஒன்று உண்டு. எரிபொருளில் மூன்றிலொரு பங்கு போவதற்கு, மூன்றிலொரு பங்கு வருவதற்கு, மூன்றிலொரு பங்கு எதிர்பாராததற்கு என்பதே அது. மேற்சொன்ன 48 லீற்றரை இப்படிப் பிரித்தால் போகும் தூரம் 40 கிலோமீற்றர். எதிர்க்காற்றில் திரும்பி வந்து சேர்ந்தபின்னும் 10 லீற்றருக்கு மேல் மீதியிருக்கும். ஒரு தாங்கி மட்டும் உள்ளவன் இதே விதிப்படி 20 கிலோமீற்றருக்குள் நின்றுகொள்வான். அது பனை தெரியும் தூரந்தான்.

எண்ணெய்ச் செலவு யாருடைய பணம்?

நமது கரைகளில் பங்குமுறை பரவலாக எப்படி நடக்கிறது என்பதை வாசகர்கள் அறிவார்கள். மீன் விற்ற பணத்தில் முதலில் எண்ணெய்ச் செலவும் சாப்பாட்டுச் செலவும் கழிக்கப்படும். மீதியில் ஒரு பாதி படகுக்கும் வலைக்கும். மறுபாதி தொழில் செய்தவர்களுக்கு. ஆகவே எண்ணெய்ச் செலவில் ஒரு பங்கு, படகு இல்லாத தொழிலாளியின் சட்டைப்பையிலிருந்தும் போகிறது. ஆனால் எவ்வளவு எண்ணெய் ஏற்றுவது, எவ்வளவு தூரம் போவது என்று தீர்மானிக்கும்போது அவனிடம் யாரும் கேட்பதில்லை.

2012 பெப்ரவரியில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 71 ரூபாவிலிருந்து 106 ரூபாவாக உயர்ந்தபோது கடற்றொழிலாளர் வீதிக்கு இறங்கினார்கள். சிலாபத்தில் துப்பாக்கிச் சூட்டில் ஒரு தொழிலாளி உயிரிழந்தார். 2022 ஓகஸ்டில் அதே மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவாயிற்று. 24 லீற்றர்த் தாங்கியை நிரப்ப 2,088 ரூபா கொடுத்தவன் 8,160 ரூபா கொடுக்க வேண்டியதாயிற்று. விலைகள் ஏறியிறங்கலாம், ஆனால் எண்ணெய்ச் செலவே தொழிலின் முதற்செலவு என்ற நிலை அன்று உறுதியாகிவிட்டது.

அந்த 340 ரூபா விலையிலேயே ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு தாங்கியோடு போய் 20,000 ரூபாவுக்கு மீன் பிடித்தால், எண்ணெய் போக 11,840 ரூபா மிஞ்சும். படகுக்குப் பாதி போக, இரண்டு தொழிலாளருக்கும் தலைக்கு 2,960 ரூபா. இரண்டு தாங்கியோடு தூரம் போய் 26,320 ரூபாவுக்கு மீன் பிடித்தால், எண்ணெய் போக 10,000 ரூபாதான் மிஞ்சும். தலைக்கு 2,500 ரூபா. மீன் கூடியது, நேரம் கூடியது, ஆபத்து கூடியது, கூலி 460 ரூபா குறைந்தது. இதில் இலாபம் அடைந்தவர் யார்? கூடுதலான மீனைக் கொள்வனவு செய்த முதலாளியும், எண்ணெய் விற்றவருந்தான். அந்த எண்ணெயை முற்பணமாகக் கொடுத்தவரும் மீனை விலை சொல்லி எடுப்பவரும் ஒருவராகவே இருக்கும் இடங்களில், இரண்டாவது தாங்கி கடனின் இரண்டாவது முடிச்சாகவும் ஆகிவிடுகிறது.

தூரம் போனால் எப்போதும் நட்டந்தான் என்று நான் சொல்லவில்லை. பருவத்தில் சூரையோ அறுக்குளாவோ படும் நாட்களில் அந்தத் தூரம் பயன் தரும். ஆனால் அது கணக்கைப் பார்த்து, படகில் உள்ள அனைவரும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு. கான் நிறைந்திருக்கிறது என்பது அதற்குக் காரணமாகிவிடாது. வயதான ஒரு தொழிலாளி என்னிடம் இதைத் தமது பேச்சில் சொன்னார்: “சுவாமி, கான் நிறைய இருந்தால் மனசு தெம்பாய் இருக்கும். அந்தத் தெம்புதான் இன்னும் கொஞ்சம் போ, இன்னும் கொஞ்சம் போ எண்டு சொல்லும்.”

பொருத்தும் முறை

மேலதிகத் தாங்கி வைப்பதென்றால் அதைச் சரியாக வைக்க வேண்டும். இதில் கவனிக்க வேண்டியவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது, தாங்கி எரிபொருளுக்கென்றே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். சமையல் எண்ணெயோ பூச்சிநாசினியோ வந்த கான்கள் இதற்கு உகந்தவையல்ல. வெயிலிலும் உப்பிலும் கிடந்து அவை வெடிப்புக் காணும். மூடி இறுக்கமாக இராது. பழைய இரசாயனத்தின் மீதி எரிபொருளில் கலந்து இயந்திரத்தைக் கெடுக்கும். மேலும், ஆடும் படகில் கானிலிருந்து தாங்கிக்கு ஊற்றுவதே ஆபத்தான வேலை. பாதி கடல்நீரோடு கலக்கும். மீதி சூடான இயந்திரத்தின் மேல் சிந்தும்.

இரண்டாவது, வைக்கும் இடம். 24 லீற்றர் மண்ணெண்ணெய் ஏறத்தாழ 19 கிலோ நிறை கொண்டது. இயந்திரமும், அதை ஓட்டுபவரும், முதல் தாங்கியும் ஏற்கனவே படகின் பின்பக்கத்தை அமிழ்த்திக்கொண்டிருக்க, இரண்டாவதையும் அங்கேயே வைத்தால் பின்னால் வரும் அலை படகுக்குள் ஏறும். அணியத்தில் வைத்தால் படகு அலையில் மூக்குக் குத்தும். தாங்கியும் ஓயாமல் அடிபடும். படகின் நடுப்பகுதியில், நடுக்கோட்டின் மேல், இயன்றளவு தாழ்வாக வைப்பதே முறை. ஒரு பக்கமாக வைத்தால் வலை இழுக்கும்போது அந்தப் பக்கம் சாயும். பாதி நிறைந்த பெரிய தாங்கி ஒன்றில் எண்ணெய் இங்குமங்கும் ஓடி அந்தச் சாய்வை இன்னும் கூட்டும். ஆகையால் பெரிய தாங்கி ஒன்றிலும் பார்க்கச் சிறிய தாங்கிகள் இரண்டு மேலானவை.

மூன்றாவது, கட்டுதல். தாங்கியின் அடியில் இறப்பர் விரிப்புப் போட்டு, அகலமான பட்டியால் படகின் குறுக்குச் சட்டத்தோடு இறுக்கிக் கட்ட வேண்டும். படகு கவிழ்ந்தாலும் தாங்கி கழன்று போகக்கூடாது. ஆனால் கத்தியில்லாமல் கையாலேயே அவிழ்க்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். கட்டாத தாங்கி கொந்தளிப்பில் ஓடிவந்து காலை முறிக்கும்.

நான்காவது, காற்றுத்துளை. தாங்கியின் மூடியில் உள்ள சிறிய திருகு இதற்காகவே இருக்கிறது. இயந்திரம் ஓடும்போது அது திறந்திருக்காவிட்டால் எண்ணெய் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உண்டாகி, எண்ணெய் வருவது நின்றுவிடும். இயந்திரம் பழுது என்று நினைத்துக் கடலில் கழற்றத் தொடங்குபவர்களும் உண்டு. பயன்படுத்தாத தாங்கியின் திருகோ மூடியே இருக்க வேண்டும். இல்லையேல் கடல்நீர் உள்ளே போகும். வெயிலில் எண்ணெய் விரிவடையும் ஆதலால் கழுத்துவரை நிரப்பாமல் சிறிது வெற்றிடம் விட வேண்டும்.

ஐந்தாவது, குழாய். தோட்டத்துக்கு நீர் இறைக்கும் பிளாஸ்ரிக் குழாய் எண்ணெயில் கிடந்தால் விறைத்து வெடித்துவிடும். எரிபொருளுக்கான இறப்பர்க் குழாயையே, துருப்பிடிக்காத கிளிப் போட்டுப் பூட்ட வேண்டும். கையால் அழுத்தும் இறப்பர் குமிழில் உள்ள அம்புக்குறி இயந்திரத்தை நோக்கியிருக்க வேண்டும். குழாய் தாங்கியின் மேற்புறத்தால் இறங்கி எண்ணெயை உறிஞ்ச வேண்டுமேயன்றி, அடியில் துளையிட்டுப் பூட்டக் கூடாது. அடியில் பூட்டிய குழாய் எங்கேனும் அறுந்தால் தாங்கி முழுவதும் படகுக்குள் ஒழுகிவிடும். இடையில் நீரைப் பிரிக்கும் வடி ஒன்றும் பூட்டினால் இன்னும் நல்லது.

ஆறாவது விடயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இரண்டு தாங்கிகளையும் ஒரே குழாயில் சேர்த்து, இரண்டும் ஒன்றாக இறங்கும்படி சிலர் பூட்டுகிறார்கள். வசதியானது போலத் தோன்றும். ஆனால் சேமிப்பு எப்போது தொடங்கியது என்று படகோட்டிக்குத் தெரியவே தெரியாது. இரண்டாவது தாங்கி தனியாகவே இருக்கட்டும். முதல் தாங்கியின் குழாயைக் கழற்றி, கையால் அதில் மாட்ட வேண்டும். அந்த ஒரு நிமிட வேலைதான் எச்சரிக்கை மணி. அதன் மூடியில் ஒரு சிவப்புக் கயிற்றைக் கட்டி வைத்து, கயிறு அவிழ்ந்தால் அணியம் கரையை நோக்கித் திரும்ப வேண்டும் என்று படகில் உள்ளவர்கள் தமக்குள் ஓர் ஒழுங்கு செய்துகொள்ளலாம். பொருத்தும் முறையே நோக்கத்தையும் காத்துத் தரும்.

ஏழாவது, பெற்றோல். நமது மண்ணெண்ணெய் இயந்திரங்கள் பெற்றோலில் தொடங்கி, சூடேறியபின்பே மண்ணெண்ணெய்க்கு மாறுபவை. நிறுத்துமுன்னும் சிறிது நேரம் பெற்றோலில் ஓட வேண்டியவை. ஆகவே 24 லீற்றர் மண்ணெண்ணெய் சேமிப்பில் இருந்தாலும், பெற்றோல் தீர்ந்துவிட்டால் நடுக்கடலில் ஆறிப்போன இயந்திரம் தொடங்காது. சேமிப்பு என்பது மண்ணெண்ணெயும், அதைத் தொடக்கிவிடும் பெற்றோலும், கலக்க வேண்டிய ஒயிலும் சேர்ந்ததாகும். இரண்டு எரிபொருளுக்கும் வேறுவேறு நிறத் தாங்கிகளும், இருட்டிலும் தடவி அறியக்கூடிய அடையாளமும் வேண்டும். பெற்றோலின் ஆவி காற்றிலும் பாரமானது. படகின் அடியில் தேங்கி நின்று ஒரு பீடி நெருப்புக்குக் காத்திருக்கும். எனவே தாங்கிகளைப் படகிலிருந்து இறக்கி, கரையில் தரையில் வைத்து நிரப்பி, மூடியபின்பே ஏற்ற வேண்டும்.

இறுதியாக, சேமிப்பு எண்ணெய் மாதக்கணக்கில் கிடக்கக்கூடாது. வாரத்துக்கு ஒரு முறை இரண்டு தாங்கிகளையும் மாற்றிக்கொண்டால் எண்ணெய் பழுதடையாது. குழாயும் மூடியும் ஒழுங்காக இருப்பதும் தெரிந்துவிடும்.

வாங்கத் தேவையில்லாத ஒரு தாங்கி

இன்னொரு மேலதிகத் தாங்கியும் உண்டு. அதற்குப் பணம் வேண்டாம். இயந்திரத்தின் சுழற்சியை முழுவேகத்திலிருந்து பத்திலொரு பங்கு குறைத்தால் மணிக்குச் செலவாகும் எரிபொருள் ஏறத்தாழ நாலிலொரு பங்கு குறையும். ஐந்திலொரு பங்கு குறைத்தால் பாதியளவு குறையும். சுழலிக்கு வேண்டிய வலு, சுழற்சியின் முப்படியாகக் கூடிக் குறைவதே இதற்குக் காரணம். படகு சற்று மெதுவாகப் போகும் என்பது உண்மை. ஆனால் முதலில் கரை சேரும் படகுக்குத்தான் நல்ல விலை என்ற போட்டியில், நமது இளைஞர்கள் கைப்பிடியை இறுதிவரை முறுக்கிப் பிடித்துக்கொண்டு, எண்ணெய் போதவில்லை என்று இன்னொரு கானை ஏற்றுகிறார்கள். அந்தப் போட்டியில் வென்ற பணம் எரிந்துபோன எண்ணெய்க்கு ஈடாகிறதா என்று யாராவது எழுதிப் பார்த்ததுண்டா? படகின் அடியில் பிடித்த பாசியையும் சிப்பியையும் சுரண்டித் துப்புரவாக வைப்பதும், நெளிந்த சுழலியை மாற்றுவதும் இதே வகையில் எண்ணெயை மிச்சப்படுத்தும்.

மறுப்புகளுக்குப் பதில்

“சேமிப்பென்று எண்ணெயைச் சும்மா வைத்திருக்க எங்களிடம் பணம் எங்கே?” என்று தொழிலாளர் கேட்பது நியாயமான கேள்வி. அன்றாடம் கடனுக்கு எண்ணெய் வாங்குபவனுக்கு 24 லீற்றர் முடங்கிக் கிடப்பது பெரிய பாரந்தான். ஆனால் சேமிப்பு எண்ணெய் ஒரு முறை வாங்கினால் போதும். அது நாளாந்தச் செலவல்ல. அந்த ஒரு முறைக்கான பணத்தைத்தான் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் வட்டியில்லாமல் கொடுத்து, சிறு தவணைகளில் அறவிட வேண்டும். வலைக்கும் இயந்திரத்துக்கும் கடன் கொடுக்கும் சங்கங்கள், உயிரோடு திரும்பி வருவதற்கும் கடன் கொடுக்கலாம் அல்லவா? முதலாளியின் முற்பணத்தில் இதை வாங்க விடுவது, கடன்கட்டை நாமே இறுக்கிக் கொடுப்பதாகும்.

கூடுதல் எண்ணெயோடு போகும் படகைக் கடத்தற்படகு என்று சந்தேகிப்பார்களே என்பது இன்னொரு மறுப்பு. இதற்கும் ஒழுங்கே மருந்து. தாங்கியின் மீது படகின் பதிவிலக்கத்தை எழுதி, ஒரு படகுக்கு இவ்வளவு சேமிப்பு என்று சங்கம் தீர்மானித்து, கடற்றொழில் திணைக்களத்தின் உள்ளூர் அலுவலருக்கும் கடற்படைக்கும் அறிவித்துவிட்டால், ஒளித்து வைத்த கானுக்கு எழும் சந்தேகம் வெளிப்படையாகக் கட்டிய தாங்கிக்கு எழுவது குறையும்.

சங்கங்கள் என்ன செய்யலாம்?

படகுகளை வழங்குகின்ற நிறுவனங்களுக்கும், எம் போன்ற அபிவிருத்திப் பணியாளருக்கும் இதில் பொறுப்பு உண்டு. படகும் இயந்திரமும் வலையும் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டால் பணி முடிந்துவிடுவதில்லை. கொடுக்கும் படகிலேயே இரண்டாவது தாங்கிக்கான இடத்தையும் பட்டியையும் அமைத்துக் கொடுக்க வேண்டும். துடுப்பு, உயிர்காப்பு அங்கி, குடிதண்ணீர், திசையறி கருவி என்பவற்றோடு சேமிப்புத் தாங்கியும் ஒரே பட்டியலில் வர வேண்டும்.

கிராம மட்டத்தில் சங்கம் செய்யக்கூடியவை எளியவை. தரமான தாங்கிகளையும் குழாய்களையும் மொத்தமாக வாங்கினால் விலை குறையும். வாடையோ சோளகமோ தொடங்குமுன் ஒரு நாளைக் குறித்து, இயந்திரம் திருத்தும் இளைஞர் இருவரைக் கொண்டு எல்லாப் படகுகளின் தாங்கிகளையும் குழாய்களையும் பார்வையிடலாம். கரையில் ஒரு கொப்பி வைத்து, யார் எத்தனை மணிக்கு, எந்தப் பக்கமாக, எவ்வளவு எண்ணெயோடு போகிறார்கள் என்று எழுதலாம். இந்தக் கொப்பியைப் பெண்களிடம் ஒப்படைப்பதே சிறந்தது என்பது எனது எண்ணம். மாலையில் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் அவர்கள்தாம். எண்ணெய்க் கணக்கும் பங்குக் கணக்கும் அவர்களுடைய கண்ணில் பட்டால், எந்தத் தூரம் பயன் தந்தது, எந்தத் தூரம் கடனைத் தந்தது என்பது ஒரு பருவத்துக்குள்ளேயே தெளிவாகிவிடும். தேடப் போக வேண்டிய நாளிலும், எந்தப் பக்கம் தேடுவது என்பதை அந்தக் கொப்பியே சொல்லும்.

கரையோர மீன்வளம் மீள வேண்டும், இழுவைத் தொழில் நிற்க வேண்டும், மண்ணெண்ணெய்க்கு நியாயமான விலை வேண்டும் என்ற கோரிக்கைகளை நாம் கைவிடக்கூடாது. அவை நிறைவேறும்வரை நமது மக்கள் தூரம் போய்க்கொண்டுதான் இருப்பார்கள். போகின்றவர்கள் திரும்பி வரும் வழியையும் படகில் ஏற்றிக்கொண்டு போகட்டும். அடுத்த சங்கக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இந்த ஒரு விடயத்தைச் சேர்த்துக்கொள்ளுமாறும், ஒவ்வொரு படகிலும் இரண்டாவது தாங்கி எங்கே, எந்த நிலையில், எதற்காக இருக்கிறது என்று உறுப்பினர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளுமாறும் வாசகர்களை அன்போடு வேண்டுகிறேன்.